85 லென்ஸை முழுக்கத் திறந்து ஃபோகஸ் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்குக் கல்யாண வேலை தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் வரும். இன்று தென்காசி மண்டபம் என்றால் அடுத்த முகூர்த்தம் ஆரியங்காவு தாண்டிப் புனலூரில் இருக்கும். கூட வேலைக்கு வரும் பிள்ளைகள் கேமராவோடு வரும் கிட் லென்ஸை வைத்துவிட்டு 85 எம்எம் 1.4 அல்லது 1.8 (இந்த எண் லென்ஸ் துளையின், அதாவது அப்பர்ச்சரின் அளவு; எண் குறையக் குறையத் துளை பெரிது) கையில் எடுத்ததும் எல்லோரும் ஒரே புகாரோடு வருவார்கள்: கேமரா ஸ்கிரீனில் பிரமாதமாக இருந்த படம், கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் கண் அவுட், அதாவது மங்கல். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் கீழே எழுதியிருக்கிறேன். லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

அண்ணாச்சி, 1.4-ல் எடுத்தால் நிஜமாகவே எவ்வளவு ஆழம் ஷார்ப்பாக இருக்கும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஃபுல் ஃபிரேம் பாடி (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமரா), 85 எம்எம், எஃப் 1.4, ஆள் 2 மீட்டரில் நிற்கிறார் என்றால், முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் நாலரை சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி கண்ணுக்கு முன்னால், பாதி பின்னால். மூக்கு நுனியே கண்ணைவிட 3 செ.மீ. போல முன்னால் நிற்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆளிடம் 1 மீட்டருக்கு நெருங்கிப் போனால் மிஞ்சுவது 1 செ.மீ. சொச்சம். 3 மீட்டருக்குப் பின்வாங்கினால் 10 செ.மீ. கிடைக்கும். தூரம் பாதியானால் ஆழம் பாதியாகக் குறைவதில்லை, கால்வாசியாகக் குறைகிறது. அப்பர்ச்சர் அப்படி இல்லை, நேர்க்கணக்கு: 2 மீட்டரிலேயே நின்றுகொண்டு 2.8-க்கு மூடினால் சுமார் 9 செ.மீ. அதனால்தான் புதிதாக 85 பிடிப்பவர்களிடம் ‘இன்னும் ஓர் அடி பின்னால் போ’ என்று நான் கத்திக்கொண்டே இருப்பது. பின்னால் வைக்கும் ஓர் அடியும் டயலைத் திருப்புவதைப் போலவே உதவும்.

இன்னொன்று. மேலே சொன்ன கணக்கு, படத்தைச் சாதாரண அளவில் கையில் வைத்துப் பார்ப்பதற்கானது. 45 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் ஷார்ப்பான பகுதி இதைவிட மெலிந்துதான் தெரியும்.

எண்ணாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. மேஜையில் ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வையுங்கள், 1 மீட்டர் தள்ளி உட்கார்ந்து நடுவில் ஒரு வரியைப் பிடித்து 1.4, 2, 2.8, 4 என்று வரிசையாக எடுங்கள். எத்தனை வரி படிக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 1.4 படத்தில் நீங்கள் பிடித்த வரிக்கு மேலும் கீழும் எழுத்து உடனே கரைய ஆரம்பித்துவிடும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு நான் வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டு கண்ணும் ஷார்ப்பாக வேண்டும் என்கிறார்கள். எந்தக் கண்ணைப் பிடிப்பது?

கேமராவுக்குக் கிட்டே இருக்கிற கண்ணை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தூரத்துக் கண் தெளிவாகவும் கிட்டத்துக் கண் மங்கலாகவும் இருந்தால் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது.

இரண்டு கண்ணும் வேண்டுமென்றால் முகத்தைக் கேமராவுக்கு நேராக வையுங்கள். கண்மணிகளுக்கு இடையே பெரியவர்களுக்குச் சுமார் 6 செ.மீ. இருக்கும். முகத்தை 45 பாகை திருப்பினால் ஒரு கண் இன்னொன்றைவிட 4 செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடும். 2 மீட்டரில் 1.4-ல் கண்ணுக்குப் பின்னால் உங்களிடம் இருப்பது 2 செ.மீ. சொச்சம்தான். பத்து, இருபது பாகைத் திருப்பம்வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் ஒரு கண்ணை விட்டுக்கொடுங்கள், இல்லையென்றால் 2.8-க்குப் போங்கள்.

நடு ஃபோகஸ் புள்ளியில் கண்ணைப் பூட்டிவிட்டு ஃபிரேமைத் திருப்பி எடுக்கிறேன். தப்பா?

கிட் லென்ஸில் அது தப்பில்லை, இதில் தப்பு. ஷார்ப்பாக விழுவது சென்சாருக்கு இணையான ஒரு தட்டைப் பரப்பு. கேமராவைச் சாய்த்தால் அந்தப் பரப்பும் சேர்ந்து சாயும். 2 மீட்டரில் பூட்டிவிட்டுக் கேமராவை 10 பாகை திருப்பினால் அந்தப் பரப்பு கண்ணுக்கு 3 செ.மீ. பின்னால் போய் விழுகிறது. கண் அவுட், கிருதா ஷார்ப். இந்த மாதிரிப் படத்தைக் காட்டித்தான் ‘லென்ஸில் பேக் ஃபோகஸ் அண்ணாச்சி’ (ஃபோகஸ் பின்னால் விழுகிறது) என்று பாதிப் பேர் வருகிறார்கள். 4, 5 பாகைத் திருப்பத்தில் ஒரு செ.மீ.கூடப் போகாது, அது மன்னிக்கக்கூடியது.

ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள். ஜாய்ஸ்டிக் இருந்தால் அதால், இல்லாவிட்டால் டச் ஸ்கிரீனில் தட்டி. உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆரில் ஓரத்துப் புள்ளிகள் மந்தமாக இருக்கும். அதில் கண்ணுக்கு ஆகக் கிட்டே இருக்கிற நல்ல புள்ளியைத் தேர்ந்தெடுத்து, மிச்சம் உள்ள கொஞ்சத்தை மட்டும் திருப்புங்கள். அல்லது நடுப்புள்ளியிலேயே எடுத்துவிட்டு அப்புறம் கிராப் செய்யுங்கள். இப்போது வருகிற பாடிகளில் மெகாபிக்சலுக்குப் பஞ்சமில்லை.

சிங்கிள் மோடா, தொடர் மோடா?

ஆட்களை எடுக்கிறீர்கள் என்றால் தொடர் மோடு. சிங்கிள் ஒருமுறை பிடித்துப் பூட்டிக்கொள்ளும், தொடர் மோடு ஆளைப் பின்தொடர்ந்து ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கும். ஏஎஃப்-சி என்று போட்டிருக்கும், கேனனில் சர்வோ.

நின்றுகொண்டிருக்கும் மனிதன் அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கிறோம். மூச்சு விடுகிறான், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றுகிறான், சிரிக்கும்போது தலை முன்னால் வருகிறது. கேமரா பிடித்திருப்பவரும் அப்படித்தான் ஆடுகிறார். சிங்கிள் மோடில் பூட்டிவிட்டு ‘சிரிங்க... இன்னும் கொஞ்சம்’ என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அந்த 2 செ.மீ. கைவிட்டுப் போய்விடும்.

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தில் எடுத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பூ பூக்கிற பருவத்தில் கேரளாவிலிருந்து கார் காராக வந்து இறங்குகிறார்கள், எங்கள் அவுட்டோர் வேலையில் பெரும்பங்கு அந்தச் சமயத்தில் அங்கேதான். அதே சமயத்தில்தான் கணவாய் வழியாக மேல்காற்று அடித்து இறங்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கல்யாணப் பெண்ணின் தலைமுடி சும்மா இருக்குமா? ஒரு கற்றை கண்ணுக்குக் குறுக்கே பறந்தால் கேமரா முடியைப் பிடித்துக்கொள்ளும். பூவும் ஆடும், பெண்ணும் ஆடுவாள். அங்கே நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: பெண்ணைக் காற்று வரும் பக்கம் முகம் காட்டி நிற்க வையுங்கள், முடி தானாகப் பின்னால் போகும். தொடர் மோடில் பட்டனை அழுத்தியபடி மூன்று நான்கு படமாகச் சேர்த்து எடுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போக வேண்டாம். முன்னால் ஆடுகிற பூவை ஃபிரேமில் சேர்க்க ஆசைப்பட்டால், அது முகத்துக்குக் குறுக்கே வராத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம். கட்டை விரல் அழுத்தியிருக்கும்வரை தொடரும், எடுத்தால் நிற்கும். கை பழகக் கொஞ்ச நாளாகும்.

புது மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) கண்ணைத் தானே பிடிக்கிறதே. இதெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும்?

நல்ல வசதிதான், நானும் அதைத்தான் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறேன். ஆனால் ஸ்கிரீனில் கண்மேல் ஒரு சதுரம் வந்துவிட்டதால் கண் ஷார்ப் என்று நினைக்காதீர்கள். கண் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அந்த இடத்தில் லென்ஸைக் கொண்டுபோய் நிறுத்துவது இன்னொரு வேலை. இரண்டாவதில் இமைமுடியையோ மூக்குக்கண்ணாடி ஃபிரேமையோ பிடித்துவிடுவது சாதாரணம்.

மண்டபத்தில் அது திணறும் இடங்கள் எனக்கு மனப்பாடம். தாலி கட்டும் நேரத்தில் பெண் தலை குனிந்திருப்பாள், கண் மூடியிருக்கும். சதுரம் அவளை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் நாத்தனார் கண்ணுக்குத் தாவும். நம் பக்கத்துக் கல்யாணத்தில் ஓமப்புகை முகத்தை மறைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். மலைக்கு அந்தப் பக்கம் வேறு சிக்கல்: மேடையில் நிலவிளக்கும், நெல் நிறைத்த பறையில் குத்தி வைத்த தென்னம்பூக்குலையும் ஜோடிக்கு முன்னாலேயே இருக்கும். கீழேயிருந்து எடுக்கும்போது கேமராவுக்கு அந்தப் பூக்குலை மேல் அப்படியொரு ஆசை. அந்த மாதிரி நேரத்தில் கண் பிடிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, சின்ன ஒற்றைப் புள்ளியை முகத்தில் நீங்களே வையுங்கள். நிறுத்துவதற்கு ஒரு பட்டனை ஒதுக்கி வைத்திருங்கள், முகூர்த்த நேரத்தில் மெனுவுக்குள் தேட முடியாது.

வலது கண், இடது கண் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்கள் பாடியில் இருந்தால் அதையும் ஒரு பட்டனில் போடுங்கள்.

நான் எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். லென்ஸில் கோளாறா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், நீங்கள் பிடித்திருப்பது டிஎஸ்எல்ஆரா மிரர்லெஸ்ஸா? டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் கண்ணாடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கிறது. படம் விழும் சென்சார் வேறு. இந்த இரண்டு பாதைக்கும் இடையே மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் 1.4-ல் காட்டிக்கொடுத்துவிடும். அதைத் திருத்தத்தான் நிக்கானில் ஃபைன் டியூன், கேனனில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்று மெனுவில் வைத்திருக்கிறார்கள். விலை குறைந்த பாடிகள் பலவற்றில் அது இருக்காது. மிரர்லெஸ்ஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்த வகைக் கோளாறுக்கு அநேகமாக இடமில்லை.

சோதிக்கும் விதம்: பகல் வெளிச்சத்தில், டிரைபாடில், நீங்கள் வழக்கமாக ஆளை எடுக்கும் தூரத்தில். குச்சி பேட்டரிகளை மேஜையில் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பின்னால் இருக்கும்படி வரிசையாக நிறுத்தி, நடுவில் உள்ளதைப் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் லென்ஸை வேண்டுமென்றே வேறு எங்காவது திருப்பிவிட்டுத் திரும்ப ஃபோகஸ் செய்ய விடுங்கள். பத்துப் படமும் ஒரே பக்கம் தள்ளிப்போனால் லென்ஸ்-பாடி ஜோடியில் கோளாறு, மெனுவில் திருத்தலாம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று சரி என்று சிதறினால் திருத்தம் போட்டு ஒன்றும் ஆகாது.

எடுத்து முடித்த படத்திலேயே துப்பு கிடைக்கும். கேரளப் பெண்கள் உடுத்தும் கசவு இதற்கு ரொம்பத் தோது. தோளிலிருந்து இறங்கும் ஜரிகைக் கரையைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பொன்னிழை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், அதற்கு முன்னும் பின்னும் மஞ்சள் தீற்றலாகக் கலங்கும். இழை தெரியும் இடம்தான் உங்கள் ஃபோகஸ் விழுந்த இடம். அது கண்ணைவிட முன்னாலா பின்னாலா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கூடவே வெள்ளைத் துணியின் ஓரங்களைப் பாருங்கள்: துளை பெரிய, வேகமான லென்ஸ்களில் ஃபோகஸுக்கு முன்னால் உள்ள ஓரம் ஊதாச் சாயலும், பின்னால் உள்ளது பச்சைச் சாயலும் காட்டும். இமைமுடியில் பச்சை அடித்தால் ஃபோகஸ் அதற்கு முன்னால், மூக்குப் பக்கம் விழுந்திருக்கிறது.

கையால் திருப்பி ஃபோகஸ் செய்தால் நம்பகமாக இருக்காதா?

மிரர்லெஸ்ஸில் இருக்கும், கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்பினால். ஷார்ப்பான ஓரங்களில் சிவப்பு மஞ்சளாக மினுக்கும் பீக்கிங்கை 1.4-ல் முழுசாக நம்பாதீர்கள், கண்ணும் மூக்கும் சேர்ந்தே மினுக்கும்.

டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர் இன்னும் மோசம். அதில் உள்ள சாதாரணத் திரை ஏறக்குறைய 2.8-க்கான ஆழத்தைத்தான் காட்டும். 1.4-ல் கண் அவுட்டாக இருந்தாலும் உங்களுக்கு ஷார்ப்பாகவே தெரியும். பின்பக்க ஸ்கிரீனில் பார்க்கும் லைவ் வியூவுக்குப் போய்விடுங்கள்.

மத்தியான வெயிலில் 1.4 வைத்தால் படம் வெளுத்துப்போகிறது.

வெளுக்கத்தான் செய்யும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-ல் 1.4-க்குக் கணக்குப்படி 1/12800 ஷட்டர் வேகம் வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டர் நல்ல பாடியிலேயே 1/8000-ல் நின்றுவிடும், சின்ன பாடியில் 1/4000. வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் போடுங்கள், அல்லது மரநிழலுக்கு ஆளைக் கொண்டுபோங்கள். முகத்துக்கும் நிழல்தான் நல்லது.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: எலெக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (திறப்பது சென்சார், மூடுவது மட்டும் மெக்கானிக்கல்) என்ற ஷட்டர் வகை இயல்பாகவே பல பாடிகளில் போட்டிருக்கும். 1/2000-க்கு மேல் வேகம் போய் லென்ஸும் முழுக்கத் திறந்திருந்தால், பின்னால் உள்ள ஒளி வட்டங்கள் பாதி வெட்டுப்பட்டு விழும். வெயிலில் போக்கே (பின்னணி ப்ளர்) அசிங்கமாக இருக்கிறதே என்று குழம்பினால் அந்த அமைப்பை முழு மெக்கானிக்கலுக்கு மாற்றிப் பாருங்கள்.

குற்றாலச் சாரலில் 85-ஐ வெளியே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் லென்ஸ் ஹூட் இல்லாமல் வேண்டாம். முன்கண்ணாடியில் விழும் துளி படத்தில் துளியாகத் தெரியாது. காண்ட்ராஸ்ட்டைக் குறைக்கும், அதனால் ஃபோகஸும் தடுமாறும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூடியைத் திறந்தால் கண்ணாடி வியர்த்துவிடும். பையோடு கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

மாப்பிள்ளை பெண் இருவரும் இருக்கும் படத்துக்கு என்ன எண் வைப்பது?

இரண்டு முகமும் தெளிவாக வேண்டுமென்றால் 2.8-லிருந்து 4. நெற்றியோடு நெற்றி முட்டி நிற்கும் போஸில் இரண்டு பேரும் உங்களுக்கு ஒரே தூரத்தில் இருந்தால் 2 போதும். குடும்பப் படத்தில் இரண்டு வரிசை வந்துவிட்டால் 85-ஐ உறைக்குள் வையுங்கள்.

வாடிக்கையாளர் ‘பின்னால் நல்லா ப்ளர் ஆகணும்’ என்கிறார். அப்போது 1.4 தானே?

அவர் கேட்பது ப்ளர், 1.4 அல்ல. பின்னணியை ஆளிடமிருந்து தள்ளிவைத்தால் 2.8-லேயே தேவையான ப்ளர் வந்துவிடும். சுவரில் சாய்ந்து நிற்பவரை 1.4-ல் எடுத்தும் பயனில்லை, பத்தடி முன்னால் நடந்து வரச் சொல்லுங்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் படம் எடுக்க வேண்டும் என்று ஜோடியை அத்தனை வளைவு ஏற்றிக் கூட்டிப் போவார்கள். போய் இறங்கி 1.4-ல் எடுப்பார்கள். பாலம் பழுப்புக் கறையாகக் கரைந்துபோகும். அதற்குச் செங்கோட்டை ரயில் நிலையத்துச் சுவரே போதுமே? அந்த மாதிரி இடத்தில் 4, 5.6-க்கு மூடுங்கள், ஆளிடமிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். பாலத்தின் கண்கள் மென்மையாக, ஆனால் பாலம் என்று தெரியும்படி நிற்கும். பெண்ணின் கண்ணும் சுலபமாகக் கிடைக்கும்.

85 வாங்கக் காசில்லை. சின்ன சென்சார் உள்ள கிராப் பாடியில் 50 எம்எம் 1.8 வைத்துப் பழகலாமா?

தாராளமாக. பழகுவதற்கு அதுதான் நல்லது. 2 மீட்டரில் 1.8-ல் சுமார் 11 செ.மீ. ஆழம் கிடைக்கும், தப்பு செய்தாலும் பாதிப் படம் தேறும். ஆழம் மெலிவதைப் பார்க்க ஆசைப்பட்டால் 1 மீட்டருக்கு நெருங்குங்கள், 3 செ.மீ.க்குள் வந்துவிடும். விலை குறைந்த 50-களில் ஃபோகஸ் மோட்டார் கொஞ்சம் மெதுவாகவும் சத்தமாகவும் இருக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் உள்ளவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பழகுங்கள். அம்மா காய் நறுக்கிக்கொண்டே பேசுவார், தலை ஆடிக்கொண்டே இருக்கும், ‘இன்னும் முடியலையா’ என்று நடுவில் நிமிர்ந்து பார்ப்பார். அந்த நிமிர்ந்த பார்வையில் கண்ணைப் பிடித்துவிட்டால் மண்டபத்தில் பயமில்லை.

கண் லேசாக அவுட் ஆன படத்தைச் சாஃப்ட்வேரில் மீட்க முடியுமா?

லேசாக என்றால் முடியும். இப்போதைய ஷார்ப்பன் சாஃப்ட்வேர்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ரொம்ப இழுத்தால் கண் பிளாஸ்டிக் மாதிரி ஆகி, இமைமுடி வரைந்து வைத்ததுபோல் நிற்கும். அதற்கு மங்கலே தேவலை.

முதலில் அந்தப் படம் எந்த அளவில் அச்சாகப் போகிறது என்று கேளுங்கள். 12×36 அங்குல ஆல்பம் ஷீட்டில் ஓரமாக உள்ளங்கை அளவு வரப்போகிற படத்தை 100 சதவீதத்தில் பார்த்து அழ வேண்டியதில்லை, அந்த அளவில் தெளிவாகவே தெரியும். ஷீட் முழுக்க முகம் வரும் படத்துக்கு மட்டும் கறாராக இருங்கள். அதே நொடியில் எடுத்த மற்ற மூன்று படங்களில் ஒன்றில் கண் விழுந்திருக்கும், சிரிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதைத்தான் அந்த ஷீட்டில் வைப்பேன்.